மூச்சுக்குழாய்

முந்தின நாள் பலகைக்குள் நன்றாக இறங்கும்வரை முடுக்கியிருந்த திருகாணிகள் காலையில் தலை தூக்கி நின்றன. ஒன்றிரண்டு என்றால் கசுமா தன் கையையே திட்டிவிட்டுப் போயிருப்பான். தளம் முழுக்க அத்தனையும், ஒரே அளவாக, ஒரு அரிசி மணி உயரத்துக்கு எழும்பியிருந்தன. வெறுங்காலோடு இறங்கியவனுக்கு உள்ளங்காலில் குத்திய பிறகுதான் அது தெரிந்தது.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். சொன்னதை அவனே நம்பவில்லை. மரம் ஊதினால் திருகாணி உள்ளே புதையும், வெளியே வராது. தானே செய்வேன் என்று ஆரம்பித்து, எத்தனை பலகையைப் பாழாக்கிக் கற்றுக்கொண்ட பாடம் அது!

ஆள் வைத்து வேலை வாங்குபவர்களைக் கண்டாலே நெமோத்தோ கசுமாவுக்கு இளக்காரம். ஜப்பானின் சைத்தாமா மலையடிவாரத்தில் இந்தப் பழைய வீட்டை வாங்கியதும் கூரை ஓடு, மழைநீர்க் குழாய், வேலி என்று எல்லாவற்றையும் அவனேதான் பழுதுபார்த்தான். வந்ததே மகள் கோஹருவுக்காக. ஆறு வயசு. பிறந்ததிலிருந்து வீசிங். நகரத்துக் காற்று ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி மிசுஹோவுக்கு இந்த வீட்டைக் கண்டாலே ஆகவில்லை. வந்த முதல் வாரமே குழந்தைக்கு மூச்சு இழுத்து ஆம்புலன்ஸ் வந்துபோனது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைத்து மிசுஹோ தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"மழை சீசன் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, கோஹருவைத் தூக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். நீங்க உங்க டிரில்லோடயே குடித்தனம் பண்ணுங்க."

பின்பக்கத்து முற்றத்தில் எப்போதும் ஈரம், எப்போதும் பூஞ்சை. அதில் குழந்தை கால் படக்கூடாது என்றுதான் இந்த மரத்தளம். முழங்கால் உயரம், ஆறு பாய் விரிக்கிற அகலம், கோஹரு படுக்கும் அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் நேரே இறங்கலாம். நடுத்தூண் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் நிறக் குழாய் மண்ணிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. பழைய கழிவறைத் தொட்டியின் குழாயாக இருக்கும் என்று அதைத் தரைமட்டமாக அறுத்தான். உள்ளே சிமெண்டைக் கரைத்து ஊற்றினான். மூன்று மூட்டை போயிற்று, அடியில் விழுந்த சத்தமே கேட்கவில்லை. கடைசியில் பழைய துணியைச் சுருட்டி அடைத்து, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சிமெண்ட் பூசி, அதன்மேலேயே தூணின் அடிக்கல்லை உட்கார வைத்தான். அது நடந்து இன்றோடு பதின்மூன்று நாள்.

அந்தப் பதின்மூன்று நாளும் கோஹருவுக்கு ஒருமுறைகூட இழுக்கவில்லை. கசுமா உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தான்.

மிசுஹோ காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். மதியம் சாப்பிட்ட கையோடு கோஹரு பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். அவன் ஒவ்வொரு திருகாணியாக மறுபடி இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு உசுகி வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்றான். ஐம்பது வயசு, கையில் செடி வெட்டும் கத்தரி, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது.

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டீங்களா, நெமோத்தோ சார்? எங்க காது என்ன இரும்புலயா செஞ்சிருக்கு?"

"பத்து நிமிஷம். முடிஞ்சுது."

உசுகி தளத்தை ஒரு நோட்டம் விட்டான். பார்வை நடுவில் வந்து நின்றது. "அங்க ஒரு குழாய் நின்னுச்சே. அதை என்ன பண்ணீங்க?"

"அறுத்து அடைச்சுட்டேன். ஏன்?"

"அடைச்சீங்களா?" உசுகியின் குரல் இறங்கிவிட்டது. "யோவ், அது கிணறுய்யா! கிணத்தைத் தூத்தா, அது மூச்சு விட ஒரு குழாய் வெச்சுட்டுத்தான் தூத்துவாங்க. உப்புப் போட்டு, சாக்கே சாராயம் ஊத்தி, பூசாரியைக் கூப்பிட்டு வெப்பாங்க. அதைப் போய்... யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"மண்ணு போட்டு மூடினதுக்கு என்ன மூச்சு?" கசுமா சிரிக்கப் பார்த்தான்.

உசுகி விறுவிறுவென்று உள்ளே போனான். திரும்பி வந்து எதையோ வேலிக்கு மேலே எறிந்தான். குடிவந்த அன்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கசுமா கொடுத்த துண்டு, காகித உறை பிரிக்காமல்.

"உங்க வீட்டுப் பொருள் எதுவும் எங்க வீட்டுல வேணாம். உங்க பொண்ணையும் இந்தப் பக்கம் அனுப்பாதீங்க." பட்டப்பகலில் அவன் வீட்டில் மழைக்குச் சாத்தும் மரக்கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

திமிர் பிடித்தவன் என்று முணுமுணுத்துவிட்டு கசுமா மறுபடி குனிந்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. ஈர மண்ணின் வாடைக்குக் கீழே வேறொரு வாடை, வெகுகாலம் வெளிச்சம் படாத தண்ணீரும் பாசியும் துருப்பிடித்த வாளியும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாடை, பலகை இடுக்குகள் வழியாக மெல்லக் கசிந்து வந்து அவன் முகத்தில் பட்டு, வந்த வழியே திரும்பிப் போவதுபோல் இருந்தது. டிரில்லை நிறுத்தினான். சுற்றிலும் தூறல் சத்தம் மட்டும். அவன் அசையாமல்தான் மண்டியிட்டிருந்தான். ஆனால் முழங்காலுக்கு அடியில் பலகை மெதுவாக மேலே வந்தது, ஒரு நூல் அளவு, மரம் முனக முனக. கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கியது.

மறுபடி ஏறியது.

அவன் எண்ணினான். ஏற ஒன்பது, இறங்க ஒன்பது. இது எங்கேயோ பழகிய கணக்கு என்று தோன்றியது. எங்கே என்று நினைவுக்கு வந்ததும் டிரில்லைக் கீழே வைத்தான். ராத்திரி ராத்திரியாக மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணுவது அவன் வழக்கம். இந்தப் பதின்மூன்று நாளாக அது எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று பூரித்துப் போயிருந்தானே! ஏற ஒன்பது, இறங்க ஒன்பது. ஆறு வயசுக் குழந்தை இவ்வளவு மெதுவாகவா மூச்சு விடும்?

கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தான். கோஹரு மல்லாந்து கிடந்தாள். பலகை ஏறியபோது அவள் நெஞ்சு ஏறியது. இறங்கியபோது இறங்கியது. திறந்திருந்த அவள் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்தான். அதே குளிர். அதே பாசி வாடை.

"கோஹரு. ஏய் கண்ணு, எழுந்திரு."

உலுக்கினான். எழவில்லை. கன்னத்தில் தட்டினான். கண் இமைகூட அசையவில்லை. மூச்சு மட்டும் ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தது.

நான் கிணற்றின் வாயை அடைத்தேன், அது வேறு வாய் தேடிக்கொண்டது என்று அவனுக்குப் புரிந்தது. கசுமா கடப்பாரையை எடுத்தான். நடுவில் மூன்று பலகையைப் பெயர்த்து எறிந்தான், உள்ளே இறங்கிச் சேற்றில் படுத்தான், தூணை நெம்பிச் சாய்த்து அடிக்கல்லைப் புரட்டினான். பூசின சிமெண்டில் டிரில்லை வைத்து அழுத்தினான். முதல் சில்லு தெறித்ததும் அறைக்குள் குழந்தை இருமினாள்.

நிறுத்தினான். இருமல் நின்றது. வைத்தான். இருமினாள், நெஞ்சு கிழிகிற மாதிரி.

தவழ்ந்து மேலேறிப் பார்த்தான். தலையணையில் சாம்பல் நிறக் கூழ். அவள் உதட்டோரத்தில் சிமெண்ட்.

"கொஞ்சம் பொறுத்துக்கடா. இதோ ஆச்சு. அப்பா எடுத்துடறேன்." அழுதுகொண்டே இறங்கினான். உடைத்தான். துணியைப் பிடித்து இழுத்தான். கை நீளத்துக்கு வந்தது, இன்னும் வந்தது, பிறகு கீழிருந்து யாரோ விட்டுவிட்டதைப்போல் சட்டென்று கழன்றது. குழாய் திறந்தது. ஒரு நீண்ட உறிஞ்சல். சுற்றியிருந்த தூறல்கூட வளைந்து உள்ளே போனது.

அறைக்குள் சத்தமே இல்லை. இருமல் இல்லை. மூச்சும் இல்லை.

ஒன்பது எண்ணினான். பதினெட்டு. இருபத்தேழு.

பதறிப்போய் உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தான். அறைக்குள் மூச்சு மறுபடி கிளம்பியது.

கையை எடுத்தான். நின்றது. வைத்தான். கிளம்பியது. தோலை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது குழாய். அப்படியே சேற்றில் கிடந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. மிசுஹோவின் காலடி அறைக்குள் வந்தது.

"எழுந்துட்டியா தங்கம்? வா, மடியில உக்காரு." மகளின் நெஞ்சில் காதை வைத்துப் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். "ஏங்க, எங்க இருக்கீங்க? இவ நெஞ்சுல துளி சத்தம் இல்லைங்க! கண்ணாடி மாதிரி இருக்கு. போங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க. இங்கயே இருந்துடலாம்."

கசுமா வாயைத் திறந்தான். அப்போது உள்ளங்கைக்கு அடியில் ஏதோ தொட்டது. ஈரமாக, சின்னதாக, இரண்டு உதடுகள்.

"அப்பா." ஆழத்திலிருந்து இல்லை. கையை ஒட்டி. "கையை எடுப்பா. மூச்சு முட்டுது."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அந்த வீசிங். ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவன் உடம்பில் ஊறிப்போன சத்தம். உலகத்தில் வேறு எந்தக் குழந்தைக்கும் இல்லாத, அவன் மகளுடைய சத்தம்.

மேலே பலகை அசைந்தது. மிசுஹோவின் மடியிலிருந்து இறங்கி வந்த அந்த உருவம் அவன் முகத்துக்கு நேர் மேலே, பெயர்க்காத பலகையில் குப்புறப் படுத்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. குளிர்ந்த பாசி வாடை அவன் முகத்தில் இறங்கியது.

"எடுக்காதீங்க அப்பா," என்றது அது, மெதுவாக, மரியாதையாக. "எடுத்தா அம்மா அழுவாங்க."

"யார்கிட்டடா பேசறே?" மிசுஹோ சிரித்தாள்.

"அப்பா... எடுப்பா..." என்றது கைக்கு அடியிலிருந்த குரல்.

எடுத்தால் மேலே மிசுஹோவின் கண்ணெதிரில் ஒரு பிணம் கிடக்கும். எடுக்காவிட்டால், கைக்கு அடியில் மகள்.

கசுமா கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினான். உள்ளங்கைக்கு அடியில் அந்த உதடுகள் திறந்து திறந்து மூடின. சத்தம் மட்டும் மெலிந்துகொண்டே போனது.