ஓடைப் பக்கம் கேட்ட கூவல்

மைக்கை அணைத்த பிறகும் பேச்சிமுத்துவின் அறிவிப்பு ஒரு வாக்கியம் கூடுதலாக ஓடியது.

"எல்லாரும் உடனே பாதுகாப்பான இடத்துக்கு வரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. அதோடு விடாமல் "வெரசா வாங்க" என்றும் சொன்னது. அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ஜீப்புக்குள் டிரைவர் பிரின்ஸ் ஓடாத வைப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், அவன் காதில் ஒன்றும் விழுந்ததாகத் தெரியவில்லை. காலையிலிருந்து கத்திக் கத்தி வாய் தானாக எதையோ உளறியிருக்கும் என்று பேச்சிமுத்து தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

கிழக்கே கரையேறிய புயல் எங்கும் களைப்பாறாமல் போடி மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவுக்கென்ன, கீழே நாற்காலியில் சாய்ந்தபடி போட்டுவிடலாம். மேலே ஏறிக் கூட்டிவரக் கிராம உதவியாளன் பேச்சிமுத்துவும், ஒரு ஜீப்பும், பேட்டரி மைக்கும்தான் மிச்சம். அவன் முணுமுணுக்கவில்லை. மேல்தோட்டத்து லயத்தில் அவன் தங்கை கற்பகம் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். மதியமே போன் டவர் போய்விட்டது. அவளைக் கீழே இறக்கினால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் அவன் நினைப்பு.

ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஜீப் அதற்கு மேல் ஏறாது.

"அண்ணே, வெரசா கூட்டிட்டு வந்துருங்க. இந்த மண்ண நம்பி ரொம்ப நேரம் நிக்க முடியாது" என்றான் பிரின்ஸ்.

"நீ வண்டியத் திருப்பி வையி. நான் வந்துர்றேன்."

பாதை ஏலச்செடிகளுக்குள் நுழைந்ததுமே ஜீப்பின் சத்தம் அறுந்துபோனது. மேலே மரங்களில் காற்று இரைய, கீழே செடிகளுக்குள் இலைகூட அசையாமல் ஈர மண்ணும் அழுகிய செடித்தட்டையும் பச்சை ஏலக்காயும் கலந்த வாடை மூக்கை அடைக்க, மூடுபனி முழங்காலிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து கழுத்துக்கும் ஏற, தன் மழைக்கோட்டு உரசும் சத்தத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவன் நடந்தான். இதே தோட்டத்தில் அப்பனும் ஆத்தாளும் காய் எடுக்கையில் செடிக்குச் செடி தாவி வளர்ந்தவன்தான். இருந்தும் இன்றைக்கு இந்த மலையில் தனக்கென்று ஒருவரும் இல்லாதது போல நெஞ்சு வெறிச்சென்றிருந்தது.

அப்போது ஓடைப் பக்கமிருந்து ஒரு கூவல் வந்தது.

காய் எடுக்கிறவர்கள் பனிக்குள் ஒருவரையொருவர் தேடக் கூவுகிற நீண்ட கூவல். கேட்டவர் பதிலுக்குக் கூவ வேண்டும். கூவாமல் போவது விழுந்து கிடப்பவனைத் தாண்டிப் போவதற்குச் சமம் என்பது தோட்டத்துப் பழக்கம். ஓடைப் பக்கம் வீடும் இல்லை, செடியும் இல்லை. அதெல்லாம் யோசிக்கும் முன்பே பேச்சிமுத்துவின் வாய் பதில் கூவிவிட்டது. பிறகு மைக்கிலும் கேட்டான்.

"யாரு அங்க? நான் பேச்சிமுத்து. எங்கிட்ட வாங்க."

ஓடைப் பக்கம் நாலு எட்டு வைத்தான். பிறகு, பக்கத்தில், பொறுமையாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"நான் பேச்சிமுத்து. எங்கிட்ட வாங்க."

எதிரொலிதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு பேச்சிமுத்து லயத்தைப் பார்த்து ஓடினான்.

லயத்தின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. கற்பகத்தின் அடுப்பில் உலை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் இல்லை. கடைசி வீட்டில் காலில் மாவுக்கட்டோடு மொக்கையன் கட்டிலில் கிடந்தார். அவனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா அப்பு! சொன்னபடி என்னையத் தூக்க வந்துட்டியே."

"யாரு சொன்னா? சனமெல்லாம் எங்க மாமா?"

"என்னப்பா, நீதான மஞ்சு மூட்டத்துக்குள்ள நின்னு மைக்குல கூப்புட்ட? ரோடு போச்சு, ஓடை வழியா வாங்கன்னு. எங்க அண்ணே கொரலுன்னு ஒந்தங்கச்சிதான் மொத ஆளா எறங்குச்சு."

ஓடையில் இந்நேரம் காட்டாறு. தெரிந்தவன் எவனும் இறங்கமாட்டான். நம்பியவன் இறங்குவான்.

மொக்கையன் கூப்பிடக் கூப்பிட பேச்சிமுத்து வெளியே பாய்ந்தான். சேறு. வழுக்கல். முள். கீழே தண்ணீரின் இரைச்சல். அதற்கு மேலே, அவன் வாய் திறக்காமலே, கணீரென்று அவன் குரல். அதைத் தொடர்ந்து சனங்களின் கூவல், ஒன்றன்பின் ஒன்றாக, நிம்மதியாக.

சரிவின் விளிம்பில் நின்று மைக்கை அழுத்தினான்.

"கற்பகம்! நில்லு! நாந்தான் அண்ணன். அது நான் இல்ல. மேல வந்துரு ஆத்தா!"

கீழே கூவல் நின்றது. பனிக்குள்ளிருந்து தங்கையின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. அவனிடம் பேசவில்லை. முன்னால் போகிற குரலிடம் பேசினாள்.

"அண்ணே... பின்னாடி என்னமோ ஒங்க கொரல்ல கூப்புடுது. பயமா இருக்குண்ணே."

"திரும்பிப் பாக்காத ஆத்தா" என்றது அவன் குரல், அவனைவிடப் பாசமாக. "நான் இருக்கேன்ல. வா."

பேச்சிமுத்து கத்தினான். பெயர் சொல்லிக் கத்தினான். அழுதான். அவன் கத்தக் கத்தக் கீழே நடை வேகமானது. அவனுக்குப் பயந்து ஓடுகிறார்கள்.

காற்று ஒருமுறை பனியை விலக்கியது. சரிவில் டார்ச் வெளிச்சங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. முதல் வெளிச்சத்துக்கு முன்னால் யாரும் இல்லை. செம்மண் தண்ணீர் மட்டும் கரை புரண்டு ஓடியது. அதற்குள்ளிருந்து "வெரசா வாங்க" என்று அவன் குரல் கூப்பிட, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கற்பகம் முதல் அடியை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தாள்.