மூன்றாம் சரிவின் கயிறு

"கட்டினேம்மா. கட்டினேன்னுதான் நினைக்கிறேன்."

யாவர் என்ற அந்த ஆள் மஹ்வஷ் அம்மாள் வீட்டு வாசலிலேயே நின்றான். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பனிச்சறுக்கு விடுதியில் அவன் சரிவுக் காவலன். ஆபத்தான சரிவுகளைக் கயிறு கட்டி மூடுவது அவன் வேலை. நேற்று, வார விடுமுறையான வெள்ளிக்கிழமை, மூடியிருக்க வேண்டிய மூன்றாம் சரிவில் ஃபர்ஷீத் என்பவர் பாறையில் மோதி, இடுப்பெலும்பு நொறுங்கி, டெஹ்ரான் மருத்துவமனையில் கிடக்கிறார். கூட வந்த நண்பர்கள் இருவரும் கயிறு கட்டியிருக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதியம் மேலாளர் அறிக்கையில் கையெழுத்திட்டால் யாவருக்கு வேலையும் போகும், சிறையும் கிடைக்கும்.

மஹ்வஷ் அம்மாளை எல்லோரும் மரியாதையாக 'கானும்' என்றுதான் அழைப்பார்கள். கானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் விபத்துகளைத் துருவியவர். பொய் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவர். ஆனால் தன்மேலேயே சந்தேகப்படுகிற குற்றவாளியை அவர் பார்த்ததில்லை.

"ஈரஜ், கோட்டை எடு."

கொழுந்தன் ஈரஜ் ஏற்கெனவே கோட்டு மாட்டியிருந்தான். பல் வைத்தியன். லீவு போட்டுத் துப்பறிவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

மேலே, மூன்றாம் சரிவு தொடங்கும் இடத்தில், இடது கம்பத்தில் கயிறு ஒழுங்காகச் சுருட்டித் தொங்கியது. கானும் அதன் நுனியைப் பிடித்துப் பார்த்தார். பனியில் உறைந்த நுனி இன்னும் முடிச்சின் வளைவோடு விறைத்திருந்தது.

"சாயங்காலம் எப்படி அவிழ்ப்பே?"

"அவிழ்க்கவே முடியாதும்மா, கல்லா உறைஞ்சிடும். கத்தியால அறுத்து, கொட்டகைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். இங்க சுருட்டி மாட்டுற வழக்கமே இல்ல."

"அப்போ நீ கட்டியிருக்கே. நுனி அறுபடல, கையுறையோட இந்த முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. யாரோ வெறுங்கையால அவிழ்த்திருக்காங்க."

யாவர் முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

நண்பர்கள் நஸ்தரன், பர்ஹாம் இருவரையும் விடுதியின் தேநீர்க்கடைக்குக் கூப்பிட்டார்கள். நஸ்தரன் விறுவிறுவென்று உள்ளே போய் உட்கார்ந்தாள். பர்ஹாம் வாசலில் நின்று, "நீங்க முதல்ல" என்றான். ஈரஜ், "ஐயோ, நீங்க" என்றான். யாவர் ஒதுங்கி நின்றான்; அவனையும் பர்ஹாம் தனக்கு முன்னே போகச் சொன்னான். அடேயப்பா, குளிர்காற்று உள்ளே வந்து கடைக்காரர் திட்டும்வரை இது நடந்தது. கடைசியில் பர்ஹாம்தான் கடைசியாக நுழைந்தான். உட்கார்ந்ததும் பதறி, "மன்னிக்கணும் கானும், உங்களுக்கு முதுகைக் காட்டிட்டேன்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

சுடச்சுடத் தேநீர் வந்தது. நஸ்தரன் கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பர்ஹாம் விரல் பட்டதும் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டான்.

"நான்தான் முன்னாடி போனேன். கயிறு இல்ல. ஃபர்ஷீத் என் பின்னாடி வந்தான்" என்றான் பர்ஹாம்.

"நான் ரொம்பப் பின்னாடி, பூட்ஸ் மாட்டிட்டிருந்தேன். நான் வந்தப்போ கயிறு கம்பத்துல சுருட்டித் தொங்கிச்சு" என்றாள் நஸ்தரன்.

ஈரஜ் கானுமின் காதோரம் குனிந்தான். "அண்ணி, இந்தப் பொண்ணுதான். சுருட்டித் தொங்கினதை இவ மட்டும்தான் சொல்றா!"

"சொன்னதாலதான் இவ இல்ல. வாயை மூடிட்டுத் தேநீரைக் குடி." கானும் யாவரிடம் திரும்பினார். "மூடின சரிவுக்குள்ள திருட்டுத்தனமா போறவங்க எப்படிப் போவாங்க?"

"குனிஞ்சு பூந்துடுவாங்கம்மா. தினம் நாலு பேரையாவது திட்டுவேன்."

"ஆமா. தனக்காக யாரும் உறைஞ்ச முடிச்சோட மல்லுக்கட்ட மாட்டாங்க. இன்னொருத்தரைக் குனிய வைக்கக் கூடாதுன்னு நினைச்சவர்தான் அவிழ்த்திருக்கார். ஃபர்ஷீத் யார் வீட்டு விருந்தாளி?"

"எங்க வீட்டு" என்றான் பர்ஹாம். "ஹாம்பர்க்லேர்ந்து பன்னிரண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கான்."

"இந்த வாசல்ல காவலன் யாவரைக்கூட முந்தாத மனுஷன் நீங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த விருந்தாளியை முந்திட்டு நீங்க முன்னாடி போனீங்களா? எங்கே, கையைக் காட்டுங்க."

பர்ஹாம் கையை மேசைமேல் வைத்தான். விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. நஸ்தரன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையுறையைக் கழட்டி, கால்மணி நேரம் போராடினேன்" என்றான் அவன். "திறந்துவிட்டு, 'நீதான் விருந்தாளி, முதல்ல போடா'ன்னேன். வேணாம்னான். மறுபடி சொன்னேன். வேணாம்னான். மூணாவது தடவையும் வேணாம்னான். நம்ம ஊர் வழக்கப்படி உபசாரத்துக்குத்தான் சொல்றான்னு நினைச்சுட்டேன், கானும்! பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டுல இருந்தவன். வேணாம்னா அவனுக்கு வேணாம்தான். பயந்திருக்கான். நான் தோளைத் தொட்டு அனுப்பி வச்சேன்." பெரிய ஆள், குழந்தை மாதிரி விம்மினான்.



கொஞ்ச நேரம் கழித்து பர்ஹாம் எழுந்து யாவர் எதிரில் நின்றான். "உங்க தலையில போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல சார். அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான் யாவர், பழக்கத்தில்.

"யாவர்" என்றார் கானும். "உபசாரம் வேண்டாம். உள்ளதைச் சொல்லு."

யாவர் தொப்பியைக் கையில் எடுத்துக் கசக்கினான்.

"பரவாயில்லாம இல்ல சார். நேத்து என் பொண்ணு, 'மறந்துட்டியாப்பா?'ன்னு கேட்டா. இல்லைன்னேன். எல்லாரும் கயிறு இல்லைன்னே சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இன்னைக்கு அவ பள்ளிக்கூடம் கிளம்புறப்போ, 'மறந்துட்டேன் போலிருக்கும்மா'ன்னு சொல்லிட்டேன். பையை வச்சுட்டு உட்கார்ந்துட்டா. போகவே இல்ல."

"இப்பவே வந்து அவகிட்ட சொல்றேன்" என்றான் பர்ஹாம்.

"முதல்ல மேலாளர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க. எங்க வீடு கடைசியா இருக்கட்டும்." யாவர் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தான். "ஆனா இன்னைக்கே வரணும்."

பர்ஹாம் தலையாட்டினான். மறுபேச்சுப் பேசவில்லை.