தேளின் முகம்

“முகமூடியக் கழட்டுங்க. மூணு பேரும்” என்றாள் அவள், தன் முகமூடிக்குள்ளிருந்து.

சாயப்பட்டறையின் பின்னறையில் சாயக் கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. கோட்டையை எதிர்க்கும் ரகசியச் சங்கத்தில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், முகத்தைக் கேட்காதே.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர்கள் மூவர்: ஆந்தை, நண்டு, தவளை. கழுத்துவரை இறங்கும் நீலத் துணி. கண்களுக்கு மட்டும் சல்லடை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததே இல்லை. நான்காவது தலைவன் தேள், அவளுடைய அண்ணன். படகுத்துறைக் கிடங்கில் ஒளிந்திருந்தவனை நேற்று கோட்டைக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். அவளைத் தவிர அந்த இடம் தெரிந்தவர்கள் இந்த மூவர்தான்.

அந்தி சாய்வதற்குள் அவனைப் படகில் கோட்டைக்குக் கொண்டுபோவார்கள். போனால் தூக்கு. படகை எங்கே மடக்கலாம் என்று அவள் பார்த்து வைத்திருந்தாள்.

“இடத்தைச் சொல்லும்மா, ஆளனுப்பணும்” என்றார் ஆந்தை.

“எங்க அனுப்புவீங்க, கோட்டைக்கா?”

“இந்தப் பெரியவர் எதுக்கு இங்க?” என்று நண்டு உறுமினார்.

“உங்கள்ல யாருன்னு கண்டுபிடிக்க.”

பெரியவர் பொய்ச்சாட்சி சொல்ல மறுத்து, கோட்டையின் விசாரணை வேலையை இழந்தவர். கதவோரம் முக்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா மகன் நிலைகொள்ளாமல் பின்னால் நின்றான். வரும் வழியில் அவள் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். முகமூடிக்குள் அரிப்பு தாங்கவில்லை என்று நேற்றுக் காலை அண்ணன் துடித்ததும், மீசை முளைத்த நாளிலிருந்து வளர்த்த தாடியைக் கிடங்கிலேயே அவள் மழித்துவிட்டதும், ஈரம் காயுமுன் அவன் முகமூடியை மாட்டிக்கொண்டதும். பிறகு அவன் வெளியே வரவில்லை. கிழிந்த முகமூடி கிடங்குக்குள் கிடந்தது. தலையில் சாக்கை மாட்டித்தான் இழுத்துப் போனார்கள் என்றார்கள் படகோட்டிகள்.

“சவரக் கதையெல்லாம் எதுக்கு மாமா?” என்று அப்போதே முணுமுணுத்தான் மருமகன்.

“பிடிச்சப்ப உங்கள்ல யாராவது அங்க இருந்தீங்களா?” என்று கேட்டார் பெரியவர்.

மூன்று தலைகளும் இல்லை என்று ஆடின.

“கழட்ட மாட்டீங்கல்ல? நானே கழட்டறேன்.” அவள் தன் முகமூடியை உருவினாள்.

தவளையின் குரல் தழுதழுத்தது. “அழாதம்மா. அச்சு அசல் உங்கண்ணன்தான். தாடையில அந்தக் குழிகூட அப்படியே.”

“நான் அழல.”

பெரியவர் மெல்ல எழுந்தார். “அந்தக் குழிய எங்க பாத்தீங்க?”

“தெருவுல… எப்பவோ.”

“தெருவுல போறவன்தான் தேள்னு யாரோ சொன்னாங்கன்னே வச்சுக்குவோம். அப்பவும் நீங்க பாத்தது தாடியத்தான். குழி வெளிய வந்ததே நேத்துக் காலையில. உடனே முகமூடி மூடிருச்சு. அதைக் கிழிச்சது காவலர்கள், கிடங்குக்குள்ள. அப்புறம் சாக்கு. அவனோட தங்கச்சியத் தவிர, கிழிச்சப்ப பக்கத்துல நின்னவங்களுக்குத்தான் அந்தக் குழி தெரியும்.”

“தவளை தன் வாயாலதான் கெடும்!” என்று துள்ளினான் மருமகன்.

“சும்மா இருடா.”

தவளை எழப் பார்த்தார். நண்டின் கை தோளில் விழுந்தது.

“என் மகன் அவங்க கையில இருக்கான்…”

“அதுக்கு எங்கண்ணன் தலையா?” என்றாள் அவள்.

ஆந்தை தொண்டையைச் செருமினார். “இவர நாங்க பாத்துக்கறோம். நீ இடத்தைச் சொல்லு. அப்புறம்… முகம் கேட்டதுக்குச் சங்கத்து விதின்னு ஒண்ணு இருக்கும்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “எங்க வீட்டுல முதல்ல படிச்சவ நான். பள்ளிக்கூடத்துல, காலேஜ்ல, ஆபீஸ்ல, எங்க போனாலும் ‘கேக்காத’ன்னுதான் சொன்னாங்க. புரட்சியிலயும் அதேதானா?”

ஆந்தை முகமூடியைக் கழற்றவில்லை.

அவள் தன்னுடையதைக் கொப்பரைக்குள் வீசினாள். இடத்தைச் சொல்லாமலே கதவைத் திறந்தாள். வெளியே கோட்டைக் கோபுரத்தின் காவல் கண்ணாடிகள் சுழன்று, மாலை வெயிலைத் திருப்பி, தண்ணீர்த் தெருக்களை வெளிச்சத்தால் துழாவிக்கொண்டிருந்தன.

“முகத்தோட வர்றவங்க வாங்க. இல்லன்னா நானே போய் அண்ணனக் கூட்டிட்டு வரேன்.”

வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் மூடிக்கொள்ளவில்லை. படித்துறையை நோக்கி நடந்தாள்.