நூற்று நாற்பது சிப்

பிற்பகல் 3.10. திட்ட அலுவலர் பிரஷாந்தி அலுவலகக் கதவைத் திறந்தாள். மேசையில் சார்ஜர் வயர் மட்டும் கிடந்தது. செய்மதி வழிப் பேசும் சட்டலைற் போனைக் காணவில்லை.

செட்டிபாளையத்தில் சுனாமி வீடுகள் கட்டும் தொண்டு நிறுவனம் அது. 2007 ஆடி, பௌர்ணமிப் போயா விடுமுறை. போர் நடந்த அந்த நாட்களில் சட்டலைற் போன் தொலைந்தால் அது வெறும் களவல்ல; போராளிகளுக்குக் கொடுத்ததாகவே பொலிஸ் எண்ணும். சந்தேகத்தில் கொண்டுபோகப்படும் தமிழ்ப் பெடியன் திரும்பி வருவான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சந்தேகம் மேசன் வினோஜன் மேல் விழுந்தது. 2.30க்குத் தேநீர்ப் போத்தல் எடுக்க அவன் உள்ளே போனதை எல்லோரும் கண்டிருந்தார்கள்.

கிரானிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய வாகனச் சாரதி கேதீஸ்வரி, அவனுடைய அக்கா.

"நாலு மணிக்குள்ள பொலிசுக்கு அறிவிக்கோணும், கேதீஸ்," என்றாள் பிரஷாந்தி.

"அம்பது நிமிஷம் இருக்கு, மிஸ். எனக்குத் தாங்க."

3.15. கொட்டகையில் போக்கர் சீட்டாடிய மேசை அப்படியே கிடந்தது. தன் நாட்டுக்குத் திரும்பிய வெளிநாட்டு டொக்டர், பந்தயம் வைக்கும் வில்லைகளான சிப் பெட்டியையும் இரண்டு பரிசுகளையும் விட்டுப் போயிருந்தார். முதல் பரிசு அவருடைய மோட்டார் சைக்கிள், இரண்டாவது சைக்கிள். மூன்றாம் ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆளுக்கு நூறு சிப். காசு வைப்பதில்லை. போன மாதம் வென்ற கேதீஸ்வரியை இம்முறை சேர்க்கவில்லை.

தேநீர் இடைவேளையில் யாரிடம் எவ்வளவு என்று பலகையில் எழுதுவது மேசை வழக்கம். அவள் வாசித்தாள். சாரதி இஷாம் 150. களஞ்சியப் பொறுப்பாளர் வினாயகமூர்த்தி 140. வினோஜன் 10.

"முதல்ல தோத்தது என்ட தம்பியா?"

"இல்லகா!" இஷாம் சிரித்தான். "வினாயகமூர்த்தி அண்ணன்தான். ரெண்டு நாப்பது இருக்கும், தேத்தண்ணி குடிச்சு வந்த முதல் கையிலயே. நான் ரெண்டு ராசாவோட நாப்பது வைச்சன். மனிசன் ஆக மோசமான சீட்டு, ஏழையும் ரெண்டையும் வைச்சிட்டு நூத்தி நாப்பதையும் தள்ளினாரு! பிறகு நானும் வினோஜனும் மேசையை விட்டு எழும்பவே இல்ல."

"விசர் வந்திட்டுது, தங்கச்சி," என்றார் வினாயகமூர்த்தி. "தோத்த கவலையில வாவிக்கரையில போய் இருந்தன். இவனுகள் ரெண்டு பேரும் கூட்டாளிமார். ஒருத்தனை ஒருத்தன் விட்டுக்குடுக்க மாட்டானுகள்."

3.25. காவலாளி சீனித்தம்பி தலையைச் சொறிந்தார்.

"ஒளிக்காம சொல்லுங்க, சித்தப்பா," என்றாள் கேதீஸ்வரி.

"ரெண்டு நாப்பதுக்குத் தண்ணிப் பம்ப் போடப் போனன் புள்ள. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் போறதுதானே. பத்து நிமிஷம்தான். போகக்குள்ள யன்னலால பாத்தன், போன் மேசையில இருந்தது."

"ஏன் இதை முதல்லயே சொல்லல்ல?"

"வாசலை விட்டுப் போனன் எண்டா மிஸ் ஏசுவாவே!"

3.35. கேதீஸ்வரி எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள்.

"2.30க்குத் தம்பி உள்ள போனான். அதுக்குப் பிறகும் போன் இருந்திருக்கு. எடுத்தவர் வினாயகமூர்த்தி அண்ணன்."

"என்ன கதை இது? தோக்கிறது குற்றமா?"

"தோத்தது குற்றமில்லை. தோத்த விதம்தான் பிழை. தம்பியிட்ட பத்துச் சிப். முறை வைச்சுக் கட்டாயமாப் போடுற சிப்புக்கே அது ரெண்டு கை தாங்காது. நீங்க சும்மா சீட்டைப் போட்டுட்டு இருந்திருந்தா அவன் வெளியில, சைக்கிள் உங்களுக்கு நிச்சயம். சிப் கூடுதலா இருக்கிறவர் குறைஞ்சவனைத்தான் நெருக்குவார். தன்னை வெளியில அனுப்பக்கூடிய ஒரே ஆளோட, அதுவும் ஏழு ரெண்டை வைச்சு, மோதவே மாட்டார். இதை எங்களுக்குப் படிப்பிச்சதே நீங்கதான்."

வினாயகமூர்த்தி இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைக் கையால் மூடினார். கேதீஸ்வரி விடவில்லை.

"நடுவில எழும்பிப் போனா எல்லாரும் கேப்பாங்க. தோத்துப் போறவனை ஆரும் கேக்க மாட்டாங்க. வாசல் காலியாகிற பத்து நிமிஷத்துக்குள்ள நீங்க தோத்தே ஆகவேண்டியிருந்தது. களஞ்சியத் திறப்பைக் குடுங்க."

அவர் கொத்தை அவிழ்த்து நீட்டினார். திறப்பைப் பிரஷாந்தி வாங்கினாள். 3.45க்கு, உயிர்காப்பு அங்கிகளின் கட்டுக்குள் போன் கிடைத்தது.

பிரஷாந்தி அறிவித்து, நான்கு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. சார்ஜன் முதலில் வினோஜனைத்தான் பார்த்தார். பிரஷாந்தி நடந்ததைச் சிங்களத்தில் சொல்லி முடித்தாள்.

"கள்ளன் யார் கண்டுபிடிச்சது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் சார்ஜன்.

சற்று முன்வரை ஒடுங்கி நின்ற வினோஜன் ஓரடி முன்னால் வந்தான்.

"என்ட அக்கா, சேர்."