ஒருசந்தி ஓட்டம்

"எஞ் ஷூவ யாரு எடுத்தது? நேரமாவுதில்ல!"

மகள் ஆக்சிலியாவின் குரல் கேட்டதும் அடுப்படியில் நின்ற பாக்கியமேரி திடுக்கிட்டாள். கரண்டி நழுவிக் கஞ்சிக்குள் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தாள்.

கட்டிலுக்கடியில், மோட்டார் அறையில், கோழிக்கூடைக்குப் பின்னால் என்று வீடே தலைகீழானது. கடைசியில் கண்டுபிடித்தது நாத்தனார் அருள்ராணிதான். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அந்த அம்மாளுக்கு, இந்த வீட்டில் எதை எங்கே ஒளித்தாலும் மூக்கில் வேர்த்துவிடும். ராகி டிரம்முக்குள் கையை விட்டு ஷூக்களை இழுத்தெடுத்து, ராகி சிதறச் சிதறக் கூடத்தின் நடுவில் போட்டாள்.

"பாருடா சின்னப்பா, உம் பொண்டாட்டி பண்ற வேலைய! எங்கியோ சூடான்ல சண்டையில வூடுவாசல் போயி, சோறில்லாம சாவுதுங்க புள்ளைங்க. அதுங்களுக்காவ ஓடறா நம்ம புள்ள. அதையும் கெடுக்கப் பாக்கறாளே! இவளுக்கு இருக்கறது நெஞ்சா, கல்லா?"

சின்னப்பராஜ் மனைவியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆறு வருடமாகவே அவர் அவளை நேருக்கு நேர் பார்ப்பதில்லை.

"தொடச்சிப் போட்டுக்க கண்ணு. கோயில்ல எல்லாரும் கெளம்பிட்டாங்க" என்றார் மகளிடம்.

பாக்கியமேரி ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள். "ஏங்க... இவள அனுப்பாதீங்க. ஒங்க காலப் புடிச்சிக் கேக்கறன். அனுப்பித்தான் ஆவணும்னா, ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சிட்டுப் போவச் சொல்லுங்க. வெறும் வயித்தோட வேணாங்க!"

"நான் ஒருசந்திம்மா. தெரியுமில்ல?" என்றாள் ஆக்சிலியா, ஷூ கயிற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அருள்ராணி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"ஆமாண்டி... எம் மருமவன் பிரகாச ஒருசந்தி ஒருசந்தின்னு பட்டினி போட்டு ஓட வுட்டியே! அன்னிக்கு எங்கடி போச்சு இந்தக் கஞ்சி? பெத்த புள்ளையக் கொன்னவ இன்னிக்குக் கஞ்சியத் தூக்கிக்கிட்டு வந்துட்டா!"

பாக்கியமேரி குனிந்து, சிதறிய ராகியை அள்ளினாள். ஆறு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட இதற்குப் பதில் சொன்னதில்லை.

மூத்தவன் அந்தோணி பிரகாஷ் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். இதே போல, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில், காரிமங்கலத்து மைதானத்தில் காலையில் ஒத்திகை ஓட்டம் ஓடியவன் பாதியிலேயே குப்புற விழுந்தான். எழவே இல்லை. நெஞ்சுக்குள் பிறவியிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் சாவு வீட்டுக்கு டாக்டர் சொன்னது எங்கே போதும்? கைநீட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டுமே! பையன் வெறும் வயிற்றோடு ஓடினான் என்று யாரோ சொல்ல, புள்ளையைப் பட்டினியாக அனுப்பியது யார் என்று எல்லோரும் கத்த, பாக்கியமேரிதான் முன்னால் வந்தாள். "நான்தான். ஒருநாளைக்கு ஒருவேளைதான் சாப்புடணும், ஒருசந்தி இருடான்னு நான்தான் சொன்னன்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் வேறு பெயரே கிடையாது.

இந்த வருடத் தவக்காலத்தில் பங்குக் கோயில் இளைஞர்கள் ஒரு சேலஞ்ச் வைத்தார்கள். நாற்பது நாளும் ஓட வேண்டும். ஓடுகிற தூரத்துக்குத் தக்கபடி உறவினர்களும், பெங்களூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் பணம் போடுவார்கள். அது சூடான் சண்டையில் ஊரைவிட்டு ஓடிவந்து முகாமில் கிடக்கும் குடும்பங்களுக்குச் சாப்பாடாகப் போய்ச் சேரும். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் ஆக்சிலியா. கொடுத்ததோடு விட்டாளா? ராத்திரி ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர பச்சைத் தண்ணீர்தான் என்று ஒருசந்தியும் பிடித்துக்கொண்டாள்.

நாலு நாளைக்கு முன்னால் ஓடிவிட்டு வந்தவள், குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உதடு வெளுத்து நின்றதைப் பாக்கியமேரி பார்த்தாள். அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு உடம்பில் உயிர் இல்லை. ஒரே வயிறு, ஒரே ரத்தம். அண்ணன் நெஞ்சில் இருந்தது தங்கை நெஞ்சிலும் இருந்தால்? டாக்டரிடம் காட்டலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். "நல்லா இருக்கற புள்ளைக்கு நோவு தேடறா பாரு" என்று அருள்ராணி அதற்கும் ஒரு பாட்டம் பாடினாள்.

இன்று சேலஞ்சின் கடைசி நாள். காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி வரைக்கும் ஓட்டம்.

அண்ணன் படம் போட்ட மஞ்சள் பனியனோடு ஆக்சிலியா வாசலைத் தாண்டினாள். டிவிஎஸ்ஸில் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு சின்னப்பராஜும் கிளம்பினார். அருள்ராணி கோயில் பெண்களோடு வேனில் ஏறினாள். வீடு காலியானது. பாக்கியமேரி கஞ்சியை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றினாள். கதவைப் பூட்டினாளா இல்லையா என்றே நினைவில்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறியது. மஞ்சள் பனியன்கள் சர்வீஸ் ரோட்டில் கொத்துக் கொத்தாக ஓடுவது தெரிந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். மகளைக் காணோம். லாரி ஒன்று குறுக்கே வந்து மறைத்தது. "மாதாவே... ஒண்ண எடுத்துக்கிட்ட. இந்த ஒண்ணையாவது வுட்டு வையி தாயே!" பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். பாக்கியமேரிக்குக் கவலையில்லை.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கி, சர்வீஸ் ரோட்டோரம் நின்றாள். காலை வெயிலே சுள்ளென்று உறைத்தது. முதல் கூட்டம் வந்து போனது. அடுத்த கூட்டமும் போனது.

"அம்மாடி... எங்க ஆக்சிலியாவப் பாத்தீங்களா?"

"பின்னால வர்றாங்கக்கா!"

பின்னால் யாரும் வரவில்லை. ரோடு வெறிச்சென்று கிடந்தது. எங்கேயோ ஒரு ஹார்ன் சத்தம் கேட்டாலும் ஆம்புலன்ஸ் என்றே பட்டது அவளுக்கு. மைதானத்தில் மகன் கிடந்த கிடை கண்முன்னால் வந்தது. நிற்க முடியாமல் அவளே எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தாள். நடை ஓட்டமானது.

வளைவில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. ஆக்சிலியாதான்! ஓடவில்லை, தள்ளாடிக்கொண்டு வந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"சாமி... நில்லு சாமி... ஒரே ஒரு வாய் குடி!"

"தள்ளும்மா."

"கண்ணு இருட்டுதா? சொல்லுடி! மாரு வலிக்குதா?"

"வலிக்கட்டும்! எங்கண்ணன் என்னாலதான பசியோட ஓடுனான்? எனக்கு மட்டும் எதுக்கும்மா கஞ்சி?"

பின்னால் வண்டிச் சத்தம் நின்றது. சின்னப்பராஜ். இருவரும் கவனிக்கவே இல்லை.

"என்ன சொன்ன? ஒன்னாலயா?"

"ஒண்ணுமில்லீங்க! வெயில்ல என்னமோ ஒளர்றா... நீங்க போங்க!" பாக்கியமேரி பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

ஆக்சிலியா அந்தக் கையைப் பிடுங்கி எறிந்தாள். "ஆறு வருசமா இப்பிடித்தாம்பா என் வாயப் பொத்தி வச்சிருக்குது அம்மா! அன்னிக்கு அம்மா ஒருசந்தின்னு ஒரு வார்த்த சொல்லலப்பா. நேரமாச்சி நேரமாச்சின்னு அடுப்புல கஞ்சி இருக்கறது தெரியாம, அது ஆவறதுக்குள்ள நீங்கதான் அண்ணன வண்டியில கூட்டிட்டுப் போயிட்டீங்க. அம்மா டப்பாவுல ஊத்தி, ஓடிப் போயி குடுத்துட்டு வாடின்னு என்னை அனுப்புச்சி. நான்... வழியில சந்தையில கலர் கோழிக்குஞ்சு வித்தாங்கப்பா. அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டன். நான் போறதுக்குள்ள அண்ணன் ஓட ஆரம்பிச்சிட்டான்..."

அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"பொணத்தச் சுத்தி நின்னு எல்லாரும் கத்துனீங்க. நான் சொல்லத்தாம்பா வந்தன். அம்மா என்னைப் பின்னால தள்ளிட்டு, நான்தான்னு சொல்லிடுச்சி. கோயில்ல காட்டுன முகாம் வீடியோவுல ஒரு புள்ள காலி ஏனத்த வச்சிக்கிட்டு நிக்குதுப்பா... எங்கையால ஒரு புள்ளைக்காவது சோறு போயிச் சேரட்டும்னுதான் ஓடறன்!"

சின்னப்பராஜ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பாக்கியம்... எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?" பாக்கியமேரி கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு நின்னன். இன்னொண்ண ஒங்க வாய்க்கும் அண்ணி வாய்க்கும் குடுக்கச் சொல்றீங்களா? எனக்குக் கெடச்ச பேச்சுல பாதி இவளுக்குக் கெடச்சிருந்தா, இந்நேரம் இவ இருந்திருப்பாளா? பன்னண்டு வயசுங்க அவளுக்கு! பச்சப் புள்ள... கோழிக்குஞ்சப் பாத்து நின்னா. அதுக்குப் பேரு கொலையா?"

அவள் சொன்னதுதான் நடந்திருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு, கதறியபடி அவள் கால்மாட்டில் சரிந்தார்.

"எந்திரிங்க. அழுவறதுக்கு அப்பறம் நேரமிருக்குது. மொதல்ல இவளக் குடிக்கச் சொல்லுங்க!"

அப்பா தன் கையாலேயே தூக்கை வாங்கி மகள் வாயில் வைத்தார். ஆக்சிலியா அழுதுகொண்டே குடித்தாள். பாக்கியமேரி மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கிறதே, அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

"திங்கக்கெழம சேலத்துக்குப் போயி இவ நெஞ்சச் சோதிச்சிப் பாத்துட்டு வர்றம். அதுவரைக்கும் ஓட்டமும் கெடையாது, ஒருசந்தியும் கெடையாது" என்றாள்.

"ஆனா மிச்ச தூரம்மா? நேந்துக்கிட்டனே..."

"அத நான் நடக்கறன். எந்தக் காலு நடந்தா என்ன, சோறு போயிச் சேந்தா சரி."

மகளை வண்டியில் உட்கார வைத்து சின்னப்பராஜ் உருட்டிக்கொண்டு வந்தார். பாக்கியமேரி மகளின் முதுகில் கை வைத்தபடி பக்கத்திலேயே நடந்தாள்.

தர்மபுரி கோயில் வளாகத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அருள்ராணி வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டியில் வந்த ஆக்சிலியாவைப் பார்த்ததும் பாக்கியமேரியிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"கெடுத்துட்டியா? நடு ரோட்டுல போயி நின்னு கெடுத்துட்டியா? நீயெல்லாம் ஒரு தாயாடி? பெத்ததக் கொன்ன கை..."

"அக்கா, நிறுத்து!"

சின்னப்பராஜின் சத்தத்தில் கூட்டமே திரும்பியது. ஆக்சிலியா வண்டியிலிருந்து இறங்கி வாயைத் திறந்தாள். அப்பா அவளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

"பிரகாசு பட்டினியா போனது என்னாலக்கா. கஞ்சி கொதிச்சிட்டிருந்துச்சி. இரு, குடிக்கட்டும்னு இவ கெஞ்சுனா. நான்தான் கேக்காம இழுத்துட்டுப் போயிட்டன். இவ எனக்காவப் பழிய ஏத்துக்கிட்டா. திட்டணும்னா என்னைத் திட்டு."

"நீயாடா? அப்ப இவ எதுவுமே..." அருள்ராணி தம்பியின் மார்பில் ரெண்டு கையாலும் அடித்தாள். "பாவி... படுபாவி... ஆறு வருசமா என்னை என்னென்ன பேச வச்சிட்டடா!"

அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். தான் கெஞ்சியதாக அவர் சொன்னது பொய் என்றும், அந்த அடிகளும் வசவுகளும் எங்கே போய் விழவிருந்தன என்றும் பாக்கியமேரிக்குத் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் மகள் விசும்பிக்கொண்டு நின்றாள். அவள்மேல் ஒன்றுகூட விழவில்லை.

அடித்து ஓய்ந்த அருள்ராணி திரும்பி வந்து பாக்கியமேரியைக் கட்டிக்கொண்டாள். "ஏம்மா... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா... ஒன்ன அழக்கூட வுடலியே நாங்க! கொன்னவ அழக்கூடாதுன்னு பொணத்துக்கிட்ட இருந்து தொரத்துனனே... என் வாயி அழுவிப் போவ!"

உண்மைதான். மகனை அடக்கம் செய்த அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவள் ஒரு நாளும் வாய்விட்டு அழுததில்லை. நாத்தனாரின் தோளில் முகத்தை வைத்தாள். கோயில் வளாகம் முழுக்கக் கேட்கும்படி பாக்கியமேரி கத்தி அழுதாள்.

"பிரகாசு... எஞ் சாமி... எம் புள்ளயே..."