ஓரிதழ்தாமரைப் பாத்தி

பாத்தியில் பூக்கள் எல்லாம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வெயில் இருந்தது எதிர்ப்பக்கச் சுவரில். அக்பர் அலி கட்டிலில் படுத்தபடி அதைக் கவனித்தார். பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் கொண்டுபோய் ஆறு மாதம் ஆகிறது. பார்ப்பதும் இடக்கையைக் கொஞ்சம் அசைப்பதும்தான் அவரால் முடிந்தது.

உப்பளம் பகுதியில் இருந்த அந்த வீட்டின் பின்புறம், நாவல் மரத்தடியில், புல்கூட முளைக்காத ஈர நிழலில் அவர் மனைவி ஜீனத்துன்னிசா பாத்தி போட்டிருந்தாள். கருவடிக்குப்பத்துக் காலிமனை ஒன்றில் தானாக முளைத்துக் கிடந்த ஓரிதழ்தாமரையை, நரம்புக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு, வேரோடு எடுத்துவந்தாள். இரண்டே செடி. ஒற்றை இதழ் நாக்குப்போலத் தொங்கும் ஊதாப் பூ. பத்தே நாளில் மரத்தடி முழுக்க அதுதான். மத்தியானம் வீடு அடங்கியதும் காய்கள் வெடித்து விதை சிதறும் சத்தம் டிக் டிக்கென்று கேட்கும். அழுகிய நாவல் பழமும் ஈர மண்ணும் கலந்த வாடை கொசுவலைக்குள் வந்து நிற்கும்.

தினமும் ஒரு செடியைப் பாலில் காய்ச்சி அவருக்குப் புகட்டினாள்.

"கசக்குதாங்க? கண்ண மூடிக்கினு குடிச்சிடுங்க."

ஐந்தாம் நாள் அவருடைய வலக்கால் பெருவிரல் அசைந்தது. அவர் அசைக்கவில்லை.

அன்றைக்குக் களை எடுத்துவிட்டு எழுந்தவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். "வலது காலு மரத்துப்போச்சுங்க. ரொம்ப நேரம் குந்தியிருந்துட்டேன்" என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் வலக்கையிலிருந்து டம்ளர் நழுவியது. அதே நேரம் போர்வைக்குள் அவருடைய வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்தன. வேறு யாரோ அந்தக் கையைச் சட்டைபோலப் போட்டுப் பார்ப்பதுபோல.

பாத்திப் பக்கம் போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தார். "போ... போ..." என்றுதான் வந்தது.

அவள் கண் நிறைந்துவிட்டது. "அல்லாவே! பேச்சு வருது உங்களுக்கு! இருங்க, இன்னும் ரெண்டு செடி பறிச்சிட்டு வந்துடறேன்."

இடக்கையால் அவள் முந்தானையைப் பிடித்தார். விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு, காலை இழுத்து இழுத்துப் போனாள்.

பாத்தி ஓரம் குந்தினாள். கை மண்ணில் பட்டது. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. கண் மட்டும் அவரைத் தேடியது.

காய் வெடிக்கும் சத்தம் நின்றுபோனது.

அக்பர் அலியின் கால்கள் கட்டிலை விட்டு இறங்கின. தள்ளாடவில்லை. தூக்கிவிடுகிறேன், இதோ வந்து தூக்கிவிடுகிறேன் என்று உள்ளுக்குள் கதறினார். கால்கள் படி இறங்கின. ஒரு செடியையும் மிதிக்காமல் விலகி விலகி நடந்தன. அவளெதிரில் மண்டியிட்டன.

இடக்கையும் இப்போது அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

அவளைத் தூக்கவில்லை. இரண்டு கைகளும் ஈர மண்ணை அள்ளி அள்ளி, அவள் இடுப்பைச் சுற்றி அணைத்து, புதிதாக நட்ட செடிக்குச் செய்வதுபோல் பதமாக அழுத்திவிட்டன.