நாற்பது நொடியில் எட்டுக் கட்டில்

மதியம் 12:20. மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை. நான்காம் கட்டிலில் சிவநேசன் வியர்வையில் நனைந்து சுயநினைவில்லாமல் கிடந்தார். ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து பட்டினி. ரத்தத்தில் இனிப்பு 1.6, உயிர் போகிற அளவு. இத்தனைக்கும் மனிதருக்கு இனிப்பு நீர் வியாதியே கிடையாது! யாரோ இன்சுலின் போட்டிருக்கிறார்கள் என்று டாக்டர் அடித்துச் சொன்னார்.

குடும்பத்தார் புகார் கொடுக்க, 2:15க்கு இன்ஸ்பெக்டர் மாதவி வந்து சேர்ந்தார். வார்டே ஓர் ஆளைத்தான் கைகாட்டியது: மூத்த தாதி கிருஷ்ணம்மாள். புதுக் கணினி வந்து ஆறு மாதமாகியும் அதைத் தொடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர். 11:30க்கு சிவநேசனுக்கு ஊசி போட்டதும் அவரே. கணினியில் அது ஏறவில்லை. ஓய்வுபெற மூன்றே மாதம். பழி உறுதியானால் லைசென்சும் போகும், முப்பத்தைந்து வருடம் சம்பாதித்த பெயரும் போகும்.

"என்ன ஊசி போட்டீங்க?"

"ஆன்டிபயாட்டிக்மா. இதோ, எழுதி வச்சிருக்கேன்." துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

"கம்ப்யூட்டர்ல ஏன் ஏத்தல?"

"அது எனக்கு ஒத்து வராதும்மா. ஷாமினிதான் எனக்கும் சேர்த்து ஏத்தும்."

இளம் தாதி ஷாமினி கெட்டிக்காரி. கணினியைச் சரியாகப் பயன்படுத்துவோர் பட்டியலில் மாதாமாதம் முதலிடம்.

"இன்னைக்கு இன்சுலின் யாருக்குப் போட்டீங்க?"

"ஒரே ஆளுக்குத்தான் மேடம். ரெங்கசாமி அங்கிள். நோயாளி கைப்பட்டைய ஸ்கேன் பண்ணாம மருந்து குடுக்க சிஸ்டம் விடாது லா."

"நேத்து?"

"மூணு நாள் லீவு மேடம். இன்னைக்குத்தான் வந்தேன்."

மாதவி காலைப் பதிவுகளைத் திரையில் கேட்டார். அடேயப்பா! எந்த மருந்து, யார் கை, எந்த நொடி, எல்லாம் வரிசையாக இறங்கின. பதினெட்டு வருடப் போலீஸ் வேலையில் இப்படியொரு சாட்சியை அவர் கண்டதில்லை. மறதியும் இல்லை, பயமும் இல்லை.

ஷாமினியின் பெயரில் முதல் ஸ்கேன் 11:31:04, கடைசி 11:31:44. எட்டு நோயாளிகள்.

மாதவி எழுந்து வார்டின் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை நடந்து பார்த்தார். வெறும் கையோடு நடக்கவே ஒன்றரை நிமிடம் பிடித்தது.

ஒன்பதாம் கட்டிலில் ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், எப்பவும் இந்தக் கட்டில்தானா?"

"இல்லம்மா. பழைய கட்டில்ல ஏர்கோன் காத்து நேரா மண்டையில அடிச்சுச்சு. முந்தாநாள் மாத்திக் குடுத்தாங்க."

"இவருக்கு இப்பவே இனிப்புப் பாருங்க," என்றார் மாதவி. 19.4 என்றது கருவி; இன்சுலின் போட்டவருக்கு இருக்கவே கூடாத அளவு.

3:05. மாதவி ஷாமினி பக்கம் திரும்பினார்.

"உக்காந்த இடத்திலேயே எதை ஸ்கேன் பண்ணினீங்க? அந்தத் தாள் எங்கம்மா?"

ஷாமினி மெல்ல மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு தாள் வெளியே வந்தது. அதில் எட்டு ஸ்டிக்கர்கள், எட்டுக் கைப்பட்டைகளின் பார்கோடு நகல்கள். பக்கத்தில் பேனாவால் கட்டில் எண்கள். ரெங்கசாமிக்கு எதிரே 4.

"இது நீங்க லீவுக்கு முன்னாடி ஒட்டினது. நடக்காம, கவுண்டர்ல உக்காந்தே எட்டையும் ஸ்கேன் பண்ணிட்டீங்க. தாள்ல நாலுன்னு இருந்துச்சு, நாலுக்குப் போய் முகத்தக்கூடப் பாக்காம ஊசி போட்டீங்க. அங்க இருந்தது சிவநேசன். அவர் கைப்பட்டைய ஸ்கேன் பண்ணியிருந்தா அந்த மிஷின் அங்கேயே உங்கள நிறுத்தியிருக்கும்."

ஷாமினி உடைந்து அழுதாள். "வேணும்னு செய்யல மேடம். ரெண்டு பேர் வேலையையும் நான் ஒருத்தியே ஏத்தணும். ஒவ்வொரு கட்டிலுக்கும் மிஷின இழுத்துக்கிட்டுப் போனா எப்ப முடியும்?"

தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் வந்தது. சிவநேசன் கண் விழித்துவிட்டார். வார்டே மூச்சு விட்டது.

கிருஷ்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றார். ஆறு மாதமாக வாய்க்கு வந்தபடி திட்டிய மிஷின்தான் அவர் மானத்தைக் காப்பாற்றியிருந்தது. பிறகு அழுகிற ஷாமினியைப் பார்த்துவிட்டு மாதவி பக்கம் திரும்பினார்.

"ரிப்போர்ட்ல எத்தன பேர் எழுதப் போறீங்கம்மா?"

"ஊசி போட்டது ஒருத்திதானே."

"ரெண்டா எழுதுங்க," என்றார் கிருஷ்ணம்மாள். "என் வேலையையும் தலையில கட்டி, அந்தத் தாள இந்தப் பிள்ளைய ஒட்ட வச்சது நான்தான்."